இறகில் தங்கிய பாதரசம்

ஸ்வீடனில் வெண்வால் கழுகின் கூட்டுக்கு மரமேறுகிறவர்கள் குஞ்சின் காலில் வளையம் மாட்டுவதோடு, ஓரிரு உடல் இறகுகளையும் எடுத்து உறையில் போட்டு இடமும் தேதியும் எழுதிவிடுகிறார்கள். இறகை எவரும் எடுத்துவிடலாம். ஆய்வைத் தாங்குவது உறைமேல் எழுதிய அந்த ஒரு வரிதான் என்பேன். இறகு முளைத்து வளரும்வரை மட்டுமே அதற்குள் ரத்தம் ஓடும். அப்போது ரத்தத்திலுள்ள பாதரசம் கெரட்டினின் கந்தகத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். வளர்ந்து முடிந்ததும் ரத்தக் குழாய் வற்றி, வரவு நின்றுவிடும். தண்ணீரையும் மண்ணையும் நேரடியாகச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். இன்றைய நிலவரத்துக்குப் போதும். நூறாண்டுக்கு முந்தைய ஏரித் தண்ணீரை எங்கே போய் மொள்வது? அந்தக் காலத்துப் பருந்தின் இறகோ அருங்காட்சியக அலமாரியில் இருக்கிறது.

பெர்க், யோனெல்ஸ், ஷோஸ்ட்ராண்ட், வெஸ்டர்மார்க் ஆகிய ஸ்வீடன் ஆய்வாளர்கள் நால்வரும் அந்த அலமாரிகளைத்தான் திறந்தார்கள். 1966இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, இடம்பெயராத நிலப்பறவைகளின் இறகில் நெடுங்காலம் ஒரே மட்டத்தில் இருந்த பாதரசம் 1940களுக்குப் பிறகு திடீரென ஏறியது. விதை நேர்த்திக்கு மீதைல் பாதரச மருந்து புழங்கத் தொடங்கிய காலம் அது. விதைத்த தானியத்தைப் புறா தின்றது, புறாவைப் பெரிய வல்லூறு தின்றது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடியது. பறந்து திரியும் பறவை எந்த ஊருக்குச் சாட்சி என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விராலடிப்பானே பதில் தந்தது: ஸ்வீடனில் வளர்ந்த இறகில் பாதரசம் மிகுதி, குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவில் முளைத்த இறகில் குறைவு. ஒரே பறவை, இரண்டு நாட்டுக் கணக்கு!

ஆய்வு மேசையருகே நின்றால் பெரும்பொழுதும் கழுவும் வேலைதான் கண்ணில் படும். இறகை அசிட்டோனிலும் அயனி நீக்கிய நீரிலும் மாறிமாறி அலசி, உலர்த்தி, எடை பார்த்துத்தான் அமிலத்தில் கரைக்கிறார்கள். காற்றில் வந்து படியும் காரீயத்தின் ஒரு பகுதி இந்த அலசலுக்கும் அசையாது. அது பறவை தின்றதா, மேலே ஒட்டியதா என்று பிரிப்பது கடினம். பாதரசத்துக்கும் சிக்கல் உண்டு. அருங்காட்சியகத்தின் பழைய பறவைத் தோல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க மெர்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள். அப்போது மொத்தப் பாதரசத்தை விட்டு மீதைல் பாதரசத்தை மட்டும் அளக்க வேண்டும். இறகுதிர் பருவத்தில் முதலில் முளைக்கும் சிறகிறகில் பாதரசம் அதிகம், பின்னால் முளைப்பதில் குறைவு. ஆகவே எந்த இறகு என்று குறிக்காமல் பொறுக்கிய மூட்டையால் பெரிய பயனில்லை. சில உடல் இறகுகளைச் சேர்த்து அளப்பதே மேல். காரீயத்துக்கு இறகை மட்டும் காட்டி ஓர் ஆலையை மூடச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ரத்தமோ ஈரலோ சேர்த்துக் கேட்பேன். பாதரசத்துக்கு, உறைமேல் விவரம் சரியாக இருந்தால், இறகே போதும். அந்த விதை மருந்தை ஸ்வீடன் 1966இல் தடைசெய்தது; அதன்பின் முளைத்த வல்லூறு இறகுகளில் பாதரசம் இறங்கியது.