களர்



திருச்சிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரை மனை போட விற்றுவிடலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்திருந்தோம். மழை பெய்தால் குழைந்து சேறாகும், காய்ந்தால் கல்லாகும். நட்ட பயிர் வளராமல் மஞ்சளாகவே நிற்கும். உரம் பத்தவில்லை என்று யூரியாவைக் கொட்டிக்கொண்டே இருந்தோம்.

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "விக்கிறதுக்கு முன்னாடி அரை கிலோ மண்ணு குடுங்க டீச்சர்" என்றான். வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் எல்லாம் விட்டுவிட்டு, பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி எடுத்துக் கலந்து கொடுத்தோம்.

முடிவு வந்தது. பி.எச். 9.2. களர் மண். "சோடியம் களிமண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கு டீச்சர். அதனாலதான் தண்ணி இறங்கல. நீங்க போட்ட யூரியாவுல பாதி அம்மோனியாவா காத்துல போயிருக்கும்" என்றான். எத்தனை மூட்டைக் காசு!

வைத்தியம் எளிது. அறிக்கையில் சொன்ன அளவு ஜிப்சம் தூவி, தண்ணீர் கட்டி, சேறடித்து, வடித்தோம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சோடியம் சல்பேட்டாகக் கரைந்து தண்ணீரோடு போய்விடும். வடிகால் இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். களரைத் தாங்கும் திருச்சி 3 நெல் நட்டோம்.

இரண்டு வருஷம் ஆகிறது. பி.எச். 8.6க்கு இறங்கியிருக்கிறது. ஒரு மூலை இன்னும் தேறவில்லை. ஆனால் தம்பி இப்போது விற்கும் பேச்சை எடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்ட குறளைச் சொல்லி, ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்காத ஒரு பையனை எல்லார் முன்னாலும் "நீ களர்டா" என்று திட்டியிருக்கிறேன். அவன்தான் இவன். அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, "களரையும் திருத்தலாம் டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் பரிசோதிக்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் பிள்ளைகளே, அடுத்த உர மூட்டை வாங்கும் முன் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது எடுப்பது நல்லது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்