காவல் பரணுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரே ராத்திரியில் பாதித் தோட்டம் சாய்ந்துவிடும்.

அங்கே மூன்று ஏக்கரில் சோளம் போட்ட விவசாயி ஒருவர், பரணில் ஓர் எல்.இ.டி. விளக்கும், பன்றியை விரட்டச் சத்தம் எழுப்பும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார். இரண்டுக்கும் பழைய பைக் பேட்டரிதான். நடுச்சாமம் தாண்டியதும் விளக்கு மங்கிவிடும். இன்னும் பெரிய பேட்டரியாக எத்தனை ஏ.ஹெச். வாங்கலாம் என்று, திருப்பூர் பனியன் கம்பெனியில் எலெக்ட்ரீசியனாக இருக்கும் அக்கா மகனிடம் கேட்டார்.

"பேட்டரிய அப்புறம் பார்க்கலாங்க மாமா. ஒரு ராத்திரிக்கு எது எது எத்தன மணி நேரம் ஓடோணும்னு முதல்ல எழுதுங்க" என்றார் அவர்.

கணக்கு இப்படி வந்தது. 5 வாட் விளக்கு 10 மணி நேரத்துக்கு 50 வாட்-மணி. 3 வாட் ஒலிபெருக்கி விட்டுவிட்டு மொத்தம் 6 மணி நேரத்துக்கு 18. செல்போன் ஒருமுறை சார்ஜ் ஏற சுமார் 15. ஆக 83 வாட்-மணி. வயரிலும், செல்போனுக்காக 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரிலும் வீணாவதற்கு 15 சதவிகிதம் சேர்த்தால் சுமார் 95. பேட்டரியை ஒட்டக் கறக்காமல் 80 சதவிகிதம் மட்டும் பயன்படுத்தினால் ஆயுள் நீளும். அப்படியானால் 120 வாட்-மணி தேவை. இதை 12.8 வோல்ட்டால் வகுத்தால் 9.4 ஏ.ஹெச். வருகிறது. 12 ஏ.ஹெச். வாங்கினால் தாராளம்.

பழைய லெட்-ஆசிட் வகையை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் இதே வேலைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். அதற்குள் 3.2 வோல்ட் செல்கள் நான்கு வரிசையாக இருக்கும். லேப்டாப் செல்லைவிடக் கொஞ்சம் கனம். ஆனால் சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது. இந்த வகையை 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குழுவை நடத்திய ஜான் குட்இனஃப், லித்தியம் அயன் பேட்டரி ஆய்வுக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு.

பி.எம்.எஸ். எனும் பாதுகாப்பு போர்டு உள்ளேயே இருக்க வேண்டும். சார்ஜ் கூடினாலோ, அளவுக்கு மீறி இறங்கினாலோ அது இணைப்பைத் துண்டிக்கும். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துக் கட்டிய மலிவு பேக் வேண்டாம்.

பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும். எலி வயரைக் கடித்து ஷார்ட் ஆனால் வயர் பழுத்துத் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

சார்ஜர் இந்த வகைக்கு உரியதாக, 14.6 வோல்ட்டைத் தாண்டாததாக இருக்க வேண்டும். 40 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் 4 மணி நேரம் கிடைத்தால், இழப்பு போக 110 வாட்-மணி தரும். ஐப்பசி மூட்டத்தில் இது கிடைக்காது. அந்த நாட்களில் வீட்டுக்கு எடுத்துவந்து சார்ஜ் போட வேண்டும்.

பெட்டி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வயர் நுழையும் துளை அடிப்பக்கம் இருந்தால் மழை இறங்காது. பேனல் வெயிலில், பேட்டரி நிழலில். 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. உப்பிப்போன பேட்டரியைக் குத்தாமல், குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் இப்போது விடியும்வரை விளக்கு எரிகிறது. "கிணத்து மோட்டார் லைன்ல இருந்து வேலிக்குக் கரண்ட் விட்டுரலாம்னுகூட ஒருக்கா நெனச்சேனுங்க" என்கிறார் அந்த விவசாயி. அப்படி இழுத்த கம்பியில் பன்றி மட்டும் சாவதில்லை; யானை செத்திருக்கிறது, விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போன ஆட்களும் செத்திருக்கிறார்கள். அது சட்டப்படியும் குற்றம். மின்வேலிதான் வேண்டுமென்றால், விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் தரும் முறையான சோலார் வேலிக் கருவியை, அனுமதி பெற்றே அமைக்க வேண்டும்.