சீனாய் மலையும் செங்கடற்கரையும்

சிறுவயது முதல் வேதத்தில் வாசித்துவந்த மலையை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஆவல் உங்களுக்கும் இருக்கலாம். எகிப்தின் சீனாய்த் தீபகற்பத்தில் ஒரே நாளில் அம்மலையில் ஏறி இறங்கி, அன்றிரவைக் கடலோரத்தில் கழிக்கலாம். மும்பையிலிருந்து சபையார் சிலரோடு நானும் என் மனைவியும் சென்ற அந்த ஒரு நாளைக் குறித்தே இங்கு எழுதுகிறேன்.

அரபியர் இதனை ஜெபல் மூசா, அதாவது மோசேயின் மலை என்று அழைக்கின்றனர். உயரம் 2,285 மீட்டர். நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே அதிகம். மோசே ஏறியது இம்மலைதானா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை. ஆயினும் 4-ஆம் நூற்றாண்டு முதல் யாத்திரிகர் இங்கே வருகின்றனர். அடிவாரத்தில், பேரரசன் ஜஸ்டினியன் 6-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த புனித கத்தரீனாள் மடம் இன்றும் நிலைத்திருக்கிறது.

மேலே செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, துறவிகள் கல்லால் அமைத்த மனந்திரும்புதலின் படிகள், மொத்தம் 3,750. மற்றொன்று, வளைந்து வளைந்து செல்லும் ஒட்டகப்பாதை. இரண்டும் எலியாவின் பெயரால் வழங்கும் ஒரு பள்ளத்தருகே ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து சிகரத்திற்குக் கடைசி 750 படிகளை யாவரும் நடந்தே ஏற வேண்டும், ஒட்டகம் செல்லாது.

இரவு ஒரு மணிக்கு, பெதுயின் வழிகாட்டி முன்செல்ல, கைவிளக்குகளோடு ஒட்டகப்பாதையில் புறப்பட்டோம். நட்சத்திரங்கள் கைக்கு எட்டுவனபோல் தோன்றின. குளிர் எலும்பைத் துளைத்தது. பள்ளத்தை அடைந்தபோது என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. “நீங்கள் போய்வாருங்கள், நான் இங்கே ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்” என்றாள். தேநீர்க் கடையில் ஒரு கம்பளியை வாடகைக்கு வாங்கிப் போர்த்திவிட்டு, நானும் மற்றவர்களோடு ஏறினேன். பல ஆண்டு ஆசை அல்லவா!

ஐம்பது படிகூட ஏறியிரேன். திரும்பிப் பார்த்தேன். இருளில் அவள் கைவிளக்கு மட்டும் சிறு புள்ளியாய்த் தெரிந்தது. அதற்குமேல் என் கால்கள் எழவில்லை. இறங்கிவிட்டேன்.

ஓரேபுக்கு ஓடிவந்த எலியா தங்கிய கெபி அவ்விடத்தில்தான் இருந்தது என்பது மரபு. களைத்துப்போன ஒரு மனிதன் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அங்கேயே. அதைப் பேசிக்கொண்டே இருவரும் ஒரே கம்பளிக்குள் அமர்ந்திருந்தோம். சூரிய உதயத்தை நாங்கள் காணவில்லை. எதிரிலிருந்த பாறைச் சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிவந்ததையே கண்டோம். அது போதுமானதாயிருந்தது.

கீழிறங்கி, சுமார் இரண்டு மணி நேரம் வாகனத்தில் சென்று, செங்கடலின் அக்காபா வளைகுடாவிலுள்ள தஹாப் ஊரை அடைந்தோம். அங்கிருந்து படகில் அபூ கலூம் கரைக்குச் சென்றோம். 1992 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. கரையோரத்திலேயே பவளப்பாறைகள் உள்ளன, அவற்றை மிதித்தலாகாது. ஈச்சை ஓலைக் குடிலில் பாய் விரித்துத் தந்தார்கள். சோறும் சுட்ட மீனும் பரிமாறினார்கள். சூரியன் நமக்குப் பின்னே சீனாய் மலைகளில் மறைய, கடலுக்கு அப்பால் சவூதி அரேபிய மலைகள் செந்நிறமாயின. சிகரத்தைக் கண்டவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். நான் மகிழ்ச்சியோடு கேட்டேன், பொறாமை எழவில்லை.

நீங்கள் செல்வதானால், உறுதியான காலணி, கனத்த மேலாடை, கைவிளக்கு, தண்ணீர் ஆகியவற்றை மறவாதீர்கள். குளிர்காலத்தில் சிகரத்தில் குளிர் உறைநிலைக்கும் கீழே செல்லும். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளில் இறங்காமல் ஒட்டகப்பாதையிலேயே திரும்புங்கள்.

பிரியமானவர்களே, ஊரைவிட்டுப் பட்டணத்திற்கு வந்த நாம் ஏறுவதிலேயே கருத்தாயிருக்கிறோம். நம்மோடு ஏற இயலாமல் பெற்றோர் கிராமத்திலே அமர்ந்திருக்கிறார்கள். “நீ போ, நான் ஜெபிக்கிறேன்” என்று அவர்களும் சொன்னார்கள் அல்லவா? அன்றிரவு கடலலையின் ஓசையில் என் தாயார் நினைவுக்கு வந்தார்கள். மும்பை திரும்பியதும் முதலில் ஊருக்குத்தான் பயணச்சீட்டு எடுத்தேன். நீங்களும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.