கைக்கெட்டும் தூரத்தில்

'தனி ரூம் மட்டும் இருந்தா நானும் எழுதித் தள்ளிடுவேன் சார்' என்று சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுத்து மட்டுமில்லை, படம் வரைகிறவர், ட்யூன் போடுகிறவர் எல்லோருக்கும் இதே குறை. நல்ல மேஜை, சுழல் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்... இத்தனையும் அமைந்த பிறகுதான் சரஸ்வதி உள்ளே வருவாள் என்றால், அதற்குள் ரிட்டயர் ஆகிவிடுவோம்.

பெரிய காரியம் செய்தவர்கள் எங்கே உட்கார்ந்து செய்தார்கள்?

ரோல்ட் டாலை எடுத்துக்கொள்ளுங்கள். 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' எழுதியவர். இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்தில் ஒரு குட்டிக் குடில் வைத்திருந்தார். உள்ளே எழுதுகிற மேஜையைத் தேடினால் கிடைக்காது. அம்மா வைத்திருந்த பழைய நாற்காலிதான். 1940ல், உலகப்போரின்போது, அவர் ஓட்டிப்போன விமானம் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அப்போது பட்ட முதுகுவலி கடைசிவரை போகவில்லை. அதனால் வலிக்கிற இடம் உரசாதபடி நாற்காலியின் முதுகில் ஓர் ஓட்டை போட்டுவிட்டார். கைப்பிடிகளின் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் போடுகிற பச்சைத் துணி. குளிரடித்தால் கால் இரண்டும் ஸ்லீப்பிங் பேகுக்குள். சீவி வைத்த ஆறு மஞ்சள் பென்சில், மஞ்சள் காகிதம். அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாக்கே கிடையாது!

ஒரு விஷயம். அந்தக் குடிலை அவர் சுத்தம் பண்ண விடமாட்டார். எளிமை என்றால் வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பூச்சாடியும் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். செய்கிற வேலைக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மற்றது எப்படி இருந்தால் என்ன?

அளவு விஷயத்துக்கு லெ கொர்பூசியே. 1951ல் சண்டிகர் என்ற முழு நகரத்துக்கே பிளான் போட வந்தவர். அதே வருஷக் கடைசியில் பிரான்ஸின் தென்கடற்கரையில் தனக்கென்று ஒரு விடுமுறை வீட்டை வரைந்தார். எவ்வளவு பெரிசு தெரியுமா? 12 அடிக்கு 12 அடி! நம்ம ஃப்ளாட்டின் ஒரு பெட்ரூம். கட்டில், மேஜை, அலமாரி, வாஷ்பேசின் எல்லாம் அதற்குள்ளேயே. சமையலறை கிடையாது. சுவரை ஒட்டி ஹோட்டல். அதற்குள் போக ஒரு கதவு வைத்துவிட்டார். யுனெஸ்கோ 2016ல் அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, சட்டசபையும் ஹைகோர்ட்டும் உள்ள சண்டிகர் வளாகமும், இந்த ஒற்றை அறையும் ஒரே பட்டியலில் இடம்பிடித்தன.

'அவங்களுக்குத் தனி இடம்னு ஒண்ணு இருந்ததே சார்' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். அதுகூட இல்லாத ஒருத்தர், ஜேன் ஆஸ்டின்.

1809ல் அம்மா, அக்கா, ஒரு தோழியுடன் சாட்டன் என்ற கிராமத்து வீட்டில் குடியேறினார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா' எல்லாம் அங்கே எழுதியதுதான். எழுதுவதற்கென்று அறை கிடையாது. எல்லோரும் புழங்குகிற இடத்தில் ஒரு சின்ன மேஜை. ஒரு காகிதமும் மைக்கூடும் வைத்தால் நிரம்பிவிடும். அந்த வீட்டில் ஒரு கதவு கிரீச்சிடுமாம். சரிசெய்ய வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். யாராவது வந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும், காகிதத்தை மறைத்துவிடலாம். அண்ணன் மகன் பிற்பாடு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. எண்ணெய் போடாத கீல்தான் அவருடைய இன்டீரியர் டெகரேஷன்!

ரசிக்கும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு எழுதிய பெண்மணி, காலடிச் சத்தம் கேட்டதும் காகிதத்தை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாம் வீடு கட்டும்போது பூஜைக்கு இடம் விடுகிறோம். ஷூ ராக்குக்கு விடுகிறோம். டி.விக்கு ஒரு சுவரையே தாரைவார்க்கிறோம். எல்லோரும் தூங்கின பிறகு டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு டைரி எழுதுகிற மனைவிக்கு, கட்டில்மேல் சம்மணமிட்டுப் படம் வரைகிற மகளுக்கு என்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோமா? இரண்டடிக்கு இரண்டடி போதும். ஒரு பலகை, ஒரு விளக்கு. ஒரே ஒரு நிபந்தனை: விருந்தாளி வந்தாலும் அங்கே இருப்பதை யாரும் எடுத்துவைக்கச் சொல்லக்கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்டுப் பாருங்களேன்.