பட்டையில் தேங்கிய பொருள்

இரண்டாண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில் ஒரு மாலை. பாலிடெக்னிக்கில் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர், பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து மடிக்கணினியில் ஒரு தொழிற்சாலையையே நடத்திக்கொண்டிருந்தார். பிராக் நகரத்தார் உருவாக்கி, 2020-இல் முழு வடிவில் வெளியான ஃபாக்டோரியோ என்னும் விளையாட்டு அது. ஓடும் பட்டைகளில் இரும்புத் தகடுகளும் செம்புக் கம்பிகளும் ஊர்ந்து சென்றன.

"சர்க்யூட் போதவில்லை, சாமி" என்றார். "அதைச் செய்யும் இயந்திரத்தைக் கூட்டி வையப்பா" என்றேன். வைத்தார். புதிய இயந்திரங்கள் வேலையின்றி நின்றன. அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: ஒரு சர்க்யூட்டுக்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று கம்பிகளும் தேவை, கம்பி செய்யும் இயந்திரங்கள் மூன்று இருந்தால்தான் சர்க்யூட் இயந்திரங்கள் இரண்டு இடைவிடாது ஓடும். குறை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இல்லை. அதற்கு முந்தைய இடத்தில் இருந்தது.

திண்ணையின் மறுகோடியில் ஒரு தாய் அமர்ந்திருந்தார். வேடசந்தூர்ச் சாலையிலுள்ள நூற்பாலை ஒன்றில் பல ஆண்டுகளாகச் சைடராக வேலை செய்பவர். எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க மில்லும் இப்படித்தான் சாமி" என்றார்.

உண்மைதான். திண்டுக்கல் சமவெளியெங்கும் பரவிக் கிடக்கும் நூற்பாலைகளில், பஞ்சு முதலில் ப்ளோரூமில் உதறித் தூய்மை செய்யப்படுகிறது. பின்னர் கார்டிங், ட்ராயிங், சிம்ப்ளெக்ஸ் எனப் படிப்படியாக மெலிந்து, ஸ்பின்னிங்கில் நூலாகி, கோனில் சுற்றப்படுகிறது. சிம்ப்ளெக்ஸ் சுணங்கினால் ஸ்பின்னிங் காத்திருக்கும். ஒரு துறை மட்டும் விரைந்தால் அடுத்த துறையின் வாயிலில் சரக்குத் தேங்கும்.

"ஆனா, இதுல ஓடுறதுக்கு ஆளே இல்லையே சாமி" என்றார் அந்தத் தாய். "கதிரு வேகத்தைக் கூட்டுனா இழை கூட அறும். அறுந்ததை ஒட்ட நாங்கதான் ஓடணும்."

எனக்கு 1913-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு நகரும் பட்டையை அமைத்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆயினும் தொழிலாளர் நில்லாமல் விலகிக்கொண்டே இருந்தனர். அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என அறிவித்தே அவர்களை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பட்டையின் கணக்கில் மனிதரின் கால்கள் சேர்க்கப்படவில்லை.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் விரிவாக எடுத்துரைத்து முடித்தபின்தான், "என்ன விஷயமாக வந்தீர்களம்மா?" என்று கேட்டேன். மகளின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு என் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென இரு வாரங்களுக்கு முன்பே தந்திருந்தாராம். இரவு ஷிப்டு முடிந்து, உறங்காமல் இருமுறை வந்து திரும்பியிருக்கிறார். கடைசி நாள் முந்தைய நாளே கடந்துவிட்டது. என் மேசையில் தேடினேன். திருமண ஓலைகள், கட்டடக் கணக்குகள், அன்பியக் குறிப்புகள் ஆகியவற்றின் அடியில் அந்தத் தாள் கிடந்தது.

பங்கின் எல்லா வேலைகளும் என் கை வழியாகவே போக வேண்டுமென நான் விரும்பியிருந்தேன். அதனைப் பொறுப்பு என்று நம்பியும் இருந்தேன். பட்டை தேங்கிய இடம் நானே.

தொலைபேசியில் மன்றாடினேன்; பயனில்லை. உதவித்தொகை மறு ஆண்டுதான் கிடைத்தது. இடைப்பட்ட ஓராண்டுக் கட்டணத்துக்காக அந்தத் தாய் கூடுதல் ஷிப்டு பார்த்தார். என் மேசையின் தாமதத்தை அவருடைய கால்கள் ஈடு செய்தன. என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது கடிதங்களை உபதேசியாரும் பங்குப் பேரவையினர் இருவரும் எழுதி ஆயத்தம் செய்கின்றனர். நான் படித்துக் கையொப்பமிடுகிறேன். மாலையில் மேசை காலியாகாமல் எழுவதில்லை என்பது என் முயற்சி. எல்லா நாளும் கைகூடுவதில்லை.

அன்பர்களே, விளையாட்டில் பட்டை நின்றால் பொருள்கள் பொறுமையாகக் காத்திருக்கும். நம் இல்லத்திலும் அலுவலகத்திலும் நம்மால் ஒன்று தேங்கும்போது, திண்ணையில் காத்திருப்பவர் யாரென்று ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.