டேம்பர் மாற்றினால் தீராது

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறுகிறதா? டயர் காற்று, பேலன்சிங் சரியென்றால், ஸ்டீயரிங் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். உடனே தலையாட்டாதீர்கள். அது ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது.

வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக ஆட்டட்டும். கீழே படுத்து டை ராடு எண்டில் விரல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத லூஸ் விரலுக்குத் தெரியும். பிறகு ஜாக்கி, அதோடு ஸ்டாண்டும் போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆடினால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்.

என் முதல் சந்தேகம் எப்போதும் கிங்பின்தான். அதன் மூடிக்கடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மலையேறப் போகுமுன் தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.