மூன்றாம் விளக்கு

மாதவரத்தில் மழை பெய்த இரவுக்கு மறுநாள், காலை எட்டரை மணிக்கு, ஒரு வீட்டின் மொட்டை மாடியில் முதியவர் ஒருவர் நிற்பதைக் காணலாம். மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவார். அதன் பின்னரே அவருக்குக் காலைத் தேநீர். இந்திய விமானப்படையில் வானிலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பங்கைச் சேர்ந்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்த பிறகு, கனத்த மனத்தோடு ஒருநாள் அவருடைய மாடிக்கு ஏறினோம்.

படைவீரர் என்றதும் நம் மனக்கண்ணில் துப்பாக்கிதான் தோன்றுகிறது. இவர் கையில் இருந்ததோ வெப்பமானி. 1970களின் பிற்பகுதியில் தாம்பரத்தில் தேர்வு பெற்று, அன்றைய பெல்காமில் அடிப்படைப் பயிற்சி முடித்து, ‘மெட் அசிஸ்டென்ட்’ என்னும் பணியில் அமர்ந்தார். வெண்ணிற ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் பார்க்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக எண்ணி, எத்தனை பங்கை மேகம் மூடியுள்ளது என்று கணிக்க வேண்டும். மேல்காற்றை அறிய ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டு, நிமிடத்திற்கு ஒருமுறை அது நிற்கும் கோணத்தைத் தியோடலைட்டில் குறிக்க வேண்டும். இரவானால் பலூனின் கீழே ஒரு சிறு விளக்குத் தொங்கும்.

“காற்றழுத்தத்தை ஒரு மில்லிபார் தவறாகச் சொன்னால், விமானி தம் உயரத்தை ஏறத்தாழ எட்டு மீட்டர் தவறாக அறிவார், ஃபாதர். மேகத்துக்குள் இறங்குகிறவருக்கு எட்டு மீட்டர் என்பது சிறிதா?” என்று கேட்டார்.

பின்பு, தாம் மறக்க இயலாத ஓர் இரவைப் பற்றிச் சொன்னார். வடநாட்டு விமானத்தளம் ஒன்றில் குளிர்காலத்து விடியற்காலம். எவ்வளவு தூரம் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பதை மணிதோறும் எழுத வேண்டும். அதற்கென்று, தொலைவு அளந்து குறித்த விளக்குகள் உண்டு. வெளியே சென்று எந்த விளக்கு வரை தெரிகிறது என்று பார்ப்பதே முறை. அன்றோ கடுங்குளிர். அறைக்குள் கணப்பு. முந்தைய மணியில் மூன்றாயிரம் மீட்டர். ஒரு மணியில் என்ன மாறிவிடப் போகிறது என்று அதையே எழுதி அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் மேலதிகாரி உள்ளே வந்து, “மூன்றாம் விளக்கைப் பார்த்தாயா?” என்றார்.

வெளியே ஓடிப் பார்த்தால் முதல் விளக்கே இல்லை. மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. தளத்தை நோக்கி ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. தொலைபேசியைப் பிடித்துத் திருத்தத்தைக் கூறிய அந்த நொடிகளில் தம் நா உலர்ந்ததை இன்றும் உணர்வதாகச் சொன்னார். விமானம் வேறு தளத்துக்குத் திருப்பப்பட்டது. தண்டனை வரும் என்று நின்றவரிடம் அதிகாரி பதிவேட்டை நீட்டினார்: “அழிக்காதே. தவறு படிக்கும்படியே இருக்கட்டும். அதன்மேல் ஒரு கோடு இழு. பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிடு.”

1944 சூன் 3 அன்று அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிளாக்சாட் என்னும் சிற்றூரில், மோரின் ஃபிளாவின் என்ற அஞ்சலகப் பணிப்பெண் இத்தகைய ஓர் அளவீட்டைத்தான் அனுப்பினார். அன்று அவருக்கு இருபத்தோராம் பிறந்தநாள். காற்றழுத்தமானி விரைவாக இறங்கிக்கொண்டிருந்தது. சரிபார்த்து மீண்டும் சொல்லும்படி இங்கிலாந்திலிருந்து கேட்டார்கள், சரிபார்த்துச் சொன்னார். சூன் 5 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கவிருந்த நேசநாட்டுப் படைகள் ஒருநாள் தாமதித்து 6-ஆம் நாள் இறங்கியதற்கு, அவர் அனுப்பிய எண்களும் ஒரு காரணம். தம் எண் எதற்குப் பயன்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் அவர் அறியவில்லை. அறியாமலே சரியாக எழுதினார். 2023 டிசம்பரில், தம் நூறாவது வயதில் காலமானார்.

அதே டிசம்பரில்தான் வடசென்னை வெள்ளத்தில் நின்றது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. நாமும் பங்கின் குடும்பப் பட்டியலைக் கையில் கொடுத்து, இளைஞர்களை உணவுப் பொட்டலங்களுடன் அனுப்பினோம். தனியே வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு மட்டும் எவரும் போகவில்லை. அவர் குடிமாறிப் போய் ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பட்டியலிலோ பழைய முகவரி. பூட்டிய வீட்டைக் கண்டு இளைஞர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மா இரண்டு நாள் கட்டிலின்மேல் அமர்ந்து, கீழே நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுப் பட்டியலை நாம் தெருத்தெருவாகச் சென்று எடுக்கவில்லை. அறையில் அமர்ந்து சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்தே எழுதினோம். ஓராண்டில் என்ன மாறிவிடப் போகிறது என்று நாமும் நினைத்தோம்.

அன்று மாடியில் இதை அவரிடம் சொன்னோம். ஒப்புரவைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றிய நமக்கு, இதைச் சொல்ல நா எழவில்லை. அவர் ஆறுதல் எதுவும் கூறவில்லை. “அந்த அம்மாவைப் பார்த்தீர்களா, ஃபாதர்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே சென்றோம். மன்னிப்புக் கேட்டபோது, “முதலில் உட்காருங்க, சாமி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வீடு திரும்பியதும் பட்டியலை எடுத்தோம். பழைய முகவரியின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கையொப்பமிட்டோம். மறுநாள் காலை முதல் தெருவிலிருந்து தொடங்கினோம்.